சிதம்பரத்துச் சிலையும் மத்திகிரி வகுப்பறையும்

சமூக அறிவியல் பாடவேளையில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு படம் காட்டினேன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக நுழைவாயில் அருகே உள்ள மாணவர் இராசேந்திரனின் சிலை. 1965 ஜனவரி 27 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்.

“எதுக்காக சார் செத்தாரு?”

“தாய்மொழிக்காக.”

பின்வரிசை மாணவி எழுந்தாள். “எங்க வீட்ல தெலுங்கு சார். அப்ப எங்களுக்காக இல்லையா?”

ஓசூரை ஒட்டிய எங்கள் ஊரில் இது வேடிக்கையான கேள்வி அல்ல. ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களால் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. என் பதில் பாதிதான் சரி என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மீண்டும் தொடங்கினேன். அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆக்கியது. ஆங்கிலத்துக்கு 15 ஆண்டு அவகாசம் தந்தது. அது 1965 ஜனவரி 26உடன் முடிந்தது. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அதன் பிறகும் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றது. ‘தொடரும்’ என்று சொல்லவில்லை. இலக்கண வகுப்பில் நாம் இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும் வேறுபாடு அது. மாணவர்கள் தெருவுக்கு வந்தது அந்த இடத்தில்தான். இந்தி பேசாத மாநிலங்கள் ஒப்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதி 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சட்டமானது. ஆக, அந்தப் போராட்டம் எந்த மொழி மீதும் உள்ள வெறுப்பு அல்ல, திணிப்புக்கு எதிரானது என்று விளக்கினேன்.

டாக்காவையும் சொன்னேன். வங்கமொழிக்கு உரிமை கேட்டு 1952 பிப்ரவரி 21 அன்று உயிரிழந்தோரில் அபுல் பர்கத் டாக்கா பல்கலைக்கழக மாணவர். மாணவர்கள் இரவோடு இரவாக எழுப்பிய நினைவுத்தூணைக் காவல்துறை சில நாளில் இடித்தது. பின்னர் அங்கே ஷஹீத் மினார் எழுந்தது. அந்த நாளைத்தான் 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

“அங்க எதைத் திணிச்சாங்க சார்?” என்றான் ஒருவன். உருது என்றேன். உருது பேசும் மாணவன் தலை குனிந்துகொண்டான். மொழி மீது குற்றமில்லை, ஆணை மீதுதான் என்று சொல்லியும் அவன் முகம் தெளியவில்லை.

“வகுப்பில் தமிழ் மட்டும்தான்” என்று பல ஆண்டுகள் அதட்டியவன் நான். தமிழை நன்றாகக் கற்பிப்பது என் கடமை. அதற்காக வீட்டுமொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு, பூ, ஹூவு. தமிழின் ‘ப’ கன்னடத்தில் ‘ஹ’ ஆவதை நான் சொல்லித்தரவில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு தமிழ்ச் சொற்களை அவர்களே தேடிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

உருதுக் கட்டம் மட்டும் ஒரு வாரம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை அந்த மாணவன் நான்காய் மடித்த தாளோடு வந்தான். ‘தூத்’ என்று தமிழிலும், அதன் கீழே அவன் பாட்டி கையெழுத்தில் உருதுவிலும் எழுதியிருந்தது.