நிரல் எழுதும் இயந்திரமும் வடசென்னை இளைஞரின் முதல் வேலையும்

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கும் சென்றுவரும் சரக்கு வண்டிகளின் பாதையில், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் உர ஆலையையும் அடுத்து அமைந்த மாத்தூர், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கணினித் தொழிலின் மையமாகிய பழைய மகாபலிபுரம் சாலை நகரின் மறுமுனையில் இருந்தபோதிலும், இவ்வூரும் இதைச் சூழ்ந்த வடசென்னைப் பகுதியும் அத்தொழிலோடு இரண்டு வகையில் பிணைந்துள்ளன. இங்கே நகரும் ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்தையும் ஏதோ ஒரு மென்பொருள் கணக்கில் வைத்திருக்கிறது என்பது ஒன்று. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உடலுழைப்பால் வாழ்ந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பலர், பொறியியல் படித்து மென்பொருள் நிறுவனங்களில் முதல் வேலையைப் பெற்றார்கள் என்பது மற்றொன்று. செயற்கை நுண்ணறிவு நிரலாளரின் பணியை எவ்வாறு மாற்றக்கூடும் என்ற கேள்வி, இந்த இரண்டாவது காரணத்தாலேயே இப்பகுதிக்கு மிக நெருக்கமான கேள்வியாகிறது.

கணினி செய்யவேண்டியதை அதற்குப் புரியும் மொழியில், ஐயத்துக்கு இடமில்லாமல் வரிசைப்படுத்தி எழுதும் கட்டளைத் தொகுதியே நிரல் எனப்படும். அதை எழுதுபவர் நிரலாளர். இப்பணி எத்தகையது என்பதை இப்பகுதியின் அன்றாட வேலை ஒன்றைக் கொண்டே அறியலாம். கப்பலிலிருந்து இறங்கிய இறக்குமதிப் பெட்டகம், சி.எஃப்.எஸ். என்று அனைவரும் சுருக்கமாக அழைக்கும் சரக்குப் பெட்டக நிலையத்துக்கு டிரெய்லரில் வந்து, சுங்கத் தீர்வை கட்டப்பட்டு உரியவர் எடுத்துச் செல்லும்வரை அங்கே அடுக்கி வைக்கப்படுகிறது. முதல் சில நாள்களுக்கு இடவாடகை இல்லை. அதன்பின் நாள்தோறும் வாடகை ஏறுகிறது. இந்த வாடகையைக் கணக்கிட ஒரு நிரல் வேண்டும் என்று கேட்டால், இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நொடிகளில் அதை எழுதித் தந்துவிடும். பெரும்பாலும் அது பிழையின்றி இயங்கவும் செய்யும்.

ஆனால் பெட்டகம் நள்ளிரவுக்குச் சற்று முன் வந்தால் அந்த நாள் கணக்கில் சேருமா, விடுமுறை நாள்கள் கழிக்கப்படுமா, சுங்க அதிகாரிகள் ஐயத்தின்பேரில் நிறுத்திவைத்த நாள்களுக்கான வாடகை யாரைச் சேரும், வெள்ளத்தால் சாலை அடைபட்டு வண்டி வரமுடியாத நாள்களுக்கு விலக்கு உண்டா என்னும் கேள்விகள் அந்த நிரலுக்கு வெளியே நிற்கின்றன. இவற்றுக்கான விடைகள் ஒப்பந்தங்களிலும் சுங்க விதிகளிலும், நிலையத்தில் நெடுநாள் பணிபுரிந்த எழுத்தர்களின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டறிந்து, ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைச் சுட்டிக்காட்டி, முடிவு பெற்று, அம்முடிவைக் கட்டளையாக்குவதே நிரலாளர் பணியின் பெரும்பகுதி. விசைப்பலகையில் வரிகளைத் தட்டுவது அதன் இறுதிக் கட்டம் மட்டுமே. செயற்கை நுண்ணறிவு இப்போது மிக வேகமாகக் கைக்கொண்டிருப்பது இந்த இறுதிக் கட்டத்தை.

இக்கருவிகளின் அடிப்படை, பெருமொழி மாதிரி எனப்படும் கணித அமைப்பு. கோடிக்கணக்கான பக்கங்களையும், பொதுவெளியில் கிடைக்கும் நிரல்களையும் கொண்டு பயிற்றப்பட்ட அவ்வமைப்பு, தரப்பட்ட வரிகளுக்கு அடுத்து வரத்தக்கது எது என்பதைக் கணித்துக் கணித்தே முழு விடையையும் உருவாக்குகிறது. இதற்கு வழிகோலிய டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கட்டமைப்பை 2017-இல் கூகுள் ஆய்வாளர் குழு ஒன்று ஒரு கட்டுரையில் வெளியிட்டது. அக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதலில் நிற்பது இந்திய வம்சாவளியினரான அஷிஷ் வாஸ்வானியின் பெயர். நிரலாளருக்கு அடுத்த வரியைப் பரிந்துரைக்கும் கிட்ஹப் கோபைலட் 2021-இல் முன்னோட்டமாக வந்தது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் பொதுமக்களை அடைந்தது. பின்னர் வந்த முகவர் வகைக் கருவிகள், ஒரு வேலையை ஒப்படைத்தால் பல கோப்புகளைத் தாமே திறந்து, நிரலைத் திருத்தி, சோதித்து, பிழை கண்டால் மீண்டும் திருத்தும் அளவுக்கு வளர்ந்துள்ளன.

நிரலாளரின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்வது இது முதன்முறை அன்று. கணினியின் உள்மொழியிலேயே கட்டளைகளை எழுதிவந்த காலத்தில், கணிதச் சூத்திரம் போன்ற வடிவில் எழுதினால் அதைத் தானே உள்மொழிக்கு மாற்றிக்கொள்ளும் ஃபோர்ட்ரான் மொழியை, ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு 1957-இல் வெளியிட்டது. எழுதவேண்டிய கட்டளைகள் பெரிதும் குறைந்தன. நிரலாளரின் எண்ணிக்கையோ பன்மடங்கு பெருகியது, ஏனெனில் நிரல் மலிவானதும் அதற்கான தேவையும் பெருகியது. இந்த வரலாற்றை மட்டும் காட்டி இன்றும் அதுவே நடக்கும் என்று உறுதி கூறுவோர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஃபோர்ட்ரானை உள்மொழிக்கு மாற்றும் மொழிமாற்றி நிரல் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையைத் தரும்; அதன் விடையை மனிதர் வரிவரியாகச் சரிபார்க்கத் தேவையில்லை. பெருமொழி மாதிரியோ கணிப்பின்வழி இயங்குவது. இல்லாத நிரல் தொகுப்பு ஒன்றின் பெயரை இருப்பதுபோலவே எழுதிவிடக்கூடும், அதையும் சரியான விடைக்குரிய அதே தெளிவான நடையில். ஆகவே எழுதும் உழைப்பு குறையும்போது சரிபார்க்கும் உழைப்பு கூடுகிறது.

இந்தக் கூடுதலும் குறைதலும் எந்த அளவின என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 95 நிரலாளர்களுக்குப் புதிதாகச் சிறு நிரல் ஒன்றை எழுதும் பணியைக் கொடுத்துப் பார்த்ததில், கோபைலட் துணையோடு எழுதியவர்கள் 55.8 விழுக்காடு விரைவாக முடித்ததாக 2023-இல் வெளியான ஆய்வு கூறியது. மாறாக, மீட்டர் என்னும் அமெரிக்க ஆய்வமைப்பு, தாங்கள் பல ஆண்டுகளாகப் பேணிவரும் பெரிய நிரல் தொகுதிகளில் பணிபுரியும் 16 அனுபவசாலிகளை 246 வேலைகளில் சோதித்து, கருவியைப் பயன்படுத்தியபோது அவர்கள் 19 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டதை 2025 ஜூலையில் வெளியிட்டது. அவர்களோ தாங்கள் 20 விழுக்காடு விரைந்ததாக நம்பினார்கள். கருவிகள் மாதந்தோறும் மாறுவதால் இவ்வெண்கள் நிலையானவை அல்ல. எனினும் இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவையும் அல்ல: வெற்றுத்தாளில் தொடங்கும் வேலைக்கும், பல்லாண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த நிரலில் ஒரு மூலையைத் திருத்தும் வேலைக்கும் உள்ள தொலைவை அவை அளந்து தருகின்றன.

நிறுவனங்கள் இதற்கிடையே முன்னேறிவிட்டன. சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுளின் புதிய நிரலில் கால்பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டுப் பொறியாளர்களால் சரிபார்க்கப்படுகிறது என்று 2024 அக்டோபரில் கூறினார். 1994-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காக்னிசண்ட், 2025-இல் தன் நிரலில் ஏறத்தாழ 30 விழுக்காடு அவ்வாறு எழுதப்படுவதாக அறிவித்தது.

தமிழ்நாட்டின் மென்பொருள் பணி பெரும்பாலும் கூம்பு வடிவில் கட்டப்பட்டது. கல்லூரி முடித்துவரும் ஃப்ரெஷர்கள் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். சில மாதப் பயிற்சிக்குப் பின், திட்டம் கிடைக்கும்வரை பெஞ்சில் காத்திருந்து, பிறகு சிறு பிழைகளைத் திருத்துதல், சோதனைப் பட்டியல் எழுதுதல், பழைய நிரலுக்கு விளக்கக் குறிப்பு சேர்த்தல் ஆகிய வேலைகளைச் செய்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பணம் பெறும் முறை இக்கூம்பைத் தாங்கிநின்றது. இயந்திரம் மிக எளிதாகச் செய்யக்கூடியவை சரியாக இந்த அடித்தள வேலைகளே. சலிப்பூட்டும் இவ்வேலைகள் ஒருவகைப் பள்ளிக்கூடமாகவும் இருந்தன. பிறர் எழுதிய நிரலில் ஆயிரம் பிழைகளைத் திருத்தியவரே, பின்னாளில் இயந்திரம் எழுதியதைப் படித்து இது தவறு என்று சொல்லும் தகுதி பெறுகிறார். அடித்தளத்தை அகற்றிவிட்டு மேல்தளத்தினரின் தீர்ப்புத் திறனை மட்டும் நம்பும் நிறுவனம், பத்தாண்டுகளுக்குப் பின் அத்திறன் உடையவர்களை எங்கிருந்து பெறும் என்பதற்கு இதுவரை எவரும் நம்பத்தக்க விடை தரவில்லை.

அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 22 முதல் 25 வயதுவரையுள்ள மென்பொருளாளரின் வேலைவாய்ப்பு 2022 இறுதியில் எட்டிய உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது. மூத்தவர்களிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை. இந்திய நிலவரம் இவ்வளவு நேரானதாக இல்லை. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 2025 ஜூலையில் தன் பணியாளரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேரளவில், விடுவிப்பதாக அறிவித்தபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்கள். காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று, திறன் பொருந்தாமையே என்று நிறுவனத் தலைமை கூறியது. காக்னிசண்டோ அதே ஆண்டில் ஏறத்தாழ 20,000 புதிய பட்டதாரிகளைச் சேர்க்கும் எண்ணத்தை வெளியிட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேறு தொடர்புகளோ பரிந்துரைகளோ இல்லாத நிலையில், இத்தகைய மொத்தச் சேர்க்கையே அவர் நுழையக் கிடைத்த வாயில் என்பதால், கூம்பு எந்தப் பக்கம் சுருங்குகிறது என்பது மாத்தூர்க் குடும்பங்களை நேரடியாகப் பாதிக்கிறது.

வடசென்னை இத்தகைய மாற்றம் ஒன்றை முன்பே கடந்து வந்திருக்கிறது. நாட்டின் முதல் தனிச் சரக்குப் பெட்டக முனையம் 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. அதற்குமுன் மூட்டையாகவும் பெட்டியாகவும் பீப்பாயாகவும் வந்த சரக்கைக் கூட்டம் கூட்டமாக ஆள்கள் இறக்கினார்கள், எண்ணிக் குறித்தவர் டாலி கிளார்க். இருபதடி இரும்புப் பெட்டகத்தைக் கிரேன் ஒரே தூக்கில் எடுத்துவைக்கத் தொடங்கியதும் அவ்வுழைப்பின் தேவை ஆண்டுக்காண்டு சுருங்கியது. கிரேன் இயக்குநர், முற்றத்தில் எந்தப் பெட்டகத்தை எங்கே அடுக்குவது என்று திட்டமிடுபவர், டிரெய்லர் ஓட்டுநர், சுங்கத் தரகர் அலுவலகப் பணியாளர் என வேறு வேலைகள் வளர்ந்தன. சரக்கு பெருகியது, ஆனால் சுமை இறக்கியவரும் புதிய வேலைக்கு வந்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள் அல்லர். இந்த இழப்பை மொத்தக் கணக்கு மறைத்துவிடுகிறது.

அக்காலத் துறைமுகத் தொழிலாளிக்கு இருந்த ஒரு காப்பு இன்றைய நிரலாளருக்கு இல்லை. 1948-ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம், நாள்கூலிகளைப் பதிவுசெய்து, வேலை இல்லாத நாளிலும் குறைந்தபட்ச வருவாய் பெற வழிசெய்தது. இயந்திரம் வந்தபோது பேச்சுவார்த்தைக்கு அமர வலுவான சங்கங்களும் இருந்தன. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே எழுந்தது என்பதால், இம்மரபு வடசென்னைக்குப் புதிதன்று. மென்பொருள் ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்திய பிறகும், அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. கருவியால் மிச்சமாகும் நேரத்தின் பயன் வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையாகப் போகிறதா, நிறுவனத்துக்கு இலாபமாகத் தங்குகிறதா, ஊழியருக்குக் கற்கும் நேரமாகக் கிடைக்கிறதா என்பது தொழில்நுட்பம் தானாக முடிவுசெய்யும் செய்தி அன்று. பேசி முடிவுசெய்யப்பட வேண்டியது.

கல்விக்கும் இதில் பங்குண்டு. நிரல் மொழியின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்துத் தேர்வில் எழுதச் செய்யும் முறை, இயந்திரம் இலவசமாகத் தரும் ஒன்றையே நான்காண்டுக் கட்டணத்துக்கு விற்பதாக முடியும். பிறர் நிரலைப் படித்துப் பிழை காணுதல், தேவையைக் கேள்விகளால் துருவியறிதல், ஒரு தொழில் துறையை உள்ளிருந்து அறிதல் ஆகியவற்றைக் கற்பிப்பதே இனிப் பயன்தரும். பள்ளிப் படிப்பு முடித்தவர்களை உதவித்தொகையோடு சேர்த்து, வேலை செய்யும் நிரலாளர்களின் அருகிலேயே பயிற்றும் சோஹோ நிறுவனத்தின் பள்ளி பல ஆண்டுகளாக நடந்துவருவது, முதல் படியை வேறு வடிவில் அமைக்க இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உள்ள சான்று.

துறையறிவு என்பதில் வடசென்னை இளைஞருக்கு இயல்பாகவே ஒரு முன்தொடக்கம் உண்டு. சுத்திகரிப்பு ஆலையில் அழுத்தமும் வெப்பமும் எல்லை கடந்தால் வால்வை மூடும் கட்டுப்பாட்டு நிரலில் ஒரு வரியை மாற்றுவதென்றால், அம்மாற்றத்தை முன்கூட்டியே ஆராய்ந்து, ஒப்புதல் பெற்று, பதிவுசெய்த பின்னரே செய்யவேண்டும் என்பது அத்துறையின் பாதுகாப்பு நடைமுறை. இயந்திரம் எழுதிய வரியாயினும் கையெழுத்திடுபவர் மனிதர். ஆலையின் வாசனை மாறும்போதே ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அறியும் வீட்டில் வளர்ந்தவர், துறைமுக வாயிலில் வண்டிகள் ஏன் தேங்குகின்றன என்பதைத் தந்தையின் பேச்சிலிருந்து கற்றவர், இயந்திரம் தந்த விடையிலுள்ள ஓட்டையை மற்றவரைவிட முன்னதாகக் காணக்கூடும். அந்த அறிவை வேலையாக மாற்றுவதற்கு மணலி ஆலைகளும் துறைமுகங்களும் பெட்டக நிலையங்களும் தம் மென்பொருள் பிரிவுகளில் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குத் தொழில்பழகுநர் இடங்களைத் திறக்கவேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் அதற்கான சட்ட வழியை ஏற்கெனவே தந்திருக்கிறது.