மின்சாரம் போனால் கணக்கும் போகுமா?

நம் மண்டியில் ஒருமுறை பில் போடும்போதே மின்சாரம் நின்றது. இருப்பில் பத்து மூட்டை சர்க்கரை கழிந்திருந்தது. கடைக்காரர் பற்றில் ஏறவில்லை. அவர் நாணயஸ்தர், பணம் வந்தது. எல்லோரும் அப்படியா?

முதலில் சிட்டை, பிறகு பேரேடு என்பது நம் பழைய முறை. நல்ல கம்ப்யூட்டர் கணக்கும் அப்படியே. எந்த மாற்றத்தையும் 'லாக்' என்னும் குறிப்பில் எழுதிய பிறகே கணக்கில் கை வைக்கும். மின்சாரம் வந்ததும் அதைப் படித்து, முடிந்த பில்லை முழுதாக ஏற்றும். பாதியில் நின்றதை அடியோடு நீக்கும். இதைச் செம்மைப்படுத்தி 1992-இல் 'ஏரீஸ்' முறையை வெளியிட்ட ஐ.பி.எம். நிபுணர்களில் முதன்மையானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகன்.

ஆகவே, இடம் அடைக்கிறதென்று லாக்கை அழிக்க வேண்டாம். கடைசிப் பில்லைச் சரிபார்த்தே அடுத்ததைப் போடுவோம். டிஸ்க்கே கெட்டால் லாக்கும் போய்விடும். இரவுதோறும் நகலெடுத்து வேறிடத்தில் வைப்போம்.