தாங்கலில் தொடங்கும் உலா

நுழையும்முன்

சென்னை என்றவுடன் கடற்கரையே பலர் நினைவுக்கும் வருகிறது. ஆயினும், அந்நகரின் தாகத்தை நெடுங்காலமாகத் தணித்து வருபவை ஏரிகளே. காணத்தக்க இடங்களுள் ஏரியையும் ஒன்றாக வைத்து எண்ணும்போது, நகரின் வரலாறு வேறொரு கோணத்தில் விளங்குகிறது.

பெயரில் உறையும் நீர்

பரங்கிமலை – பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போரூரைக் கடந்ததும் ஐயப்பன்தாங்கல் வருகிறது. பேருந்துப் பணிமனை, அடுக்குமாடிக் குடியிருப்புகள், மெட்ரோ இரயிலுக்கான தூண்கள் என இன்று அவ்வூர் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. எனினும், அதன் பெயர் பழமையை மறக்கவில்லை. நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்குத் ‘தாங்கல்’ என்று பெயர். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் ஆகிய பெயர்களிலும் இச்சொல் வாழ்கிறது.

தாங்கல் என்பதற்குத் தங்குமிடம் என்னும் பொருளும் உண்டு. வேடந்தாங்கலுக்கு இவ்விரு பொருள்களும் பொருந்துகின்றன. அங்குள்ள ஏரி, தொலைதூரப் பறவைகள் வந்து தங்கும் இடமாகவும் உள்ளது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, பறவைகளைச் சுடுவதை எதிர்த்தனர். அவர்களது உரிமையை ஏற்று, 1798ஆம் ஆண்டில் ஆட்சியர் லயோனல் பிளேஸ் ஆணை வழங்கினார். 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல், பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

குன்றும் ஏரியும்

ஐயப்பன்தாங்கலுக்குத் தென்மேற்கே குன்றத்தூர் அமைந்துள்ளது. பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கிய அவர், சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின் நினைவாக இங்கும் அப்பெயரிலேயே ஒரு கோயிலை எழுப்பினார். குன்றின்மீதுள்ள முருகன் கோயிலில் நின்று மேற்கே நோக்கினால், செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பு கண்ணுக்கு எட்டும் தொலைவுவரை விரிகிறது.

இவ்வேரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நீர்மட்டத்தின் முழு உயரம் 24 அடி. மழைநீரைத் தடுத்து நிறுத்துவது கரை. தேவைக்கேற்ப நீரை வெளிவிடுவது மதகு. மிகுந்த நீரை வெளியேற்றுவது கலிங்கு. ஓர் ஏரியின் கலிங்கைத் தாண்டும் நீர் அடுத்த ஏரியைச் சென்றடையுமாறு நம் முன்னோர் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். ஏரிகளைப் பேணுவதற்கென்றே ‘ஏரி வாரியம்’ இயங்கியதை முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன.

மிகையும் குறையும்

செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் கலந்து கடலைச் சேர்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையால் ஏரி நிரம்பியபோது, நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. கரையோரங்கள் வீடுகளாகியிருந்த அடையாறு அதனைத் தாங்கவில்லை. நகரின் பெரும்பகுதி மூழ்கியது. நான்கே ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்தது. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் வில்லிவாக்கத்துக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. மழை பெய்யும் நாள்கள் சில. தாகம் நிலவும் நாள்களோ பல. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே ஏரி. பாலம் பழுதுபட்டால் வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும்.

ஏரிமேல் எழுந்த நகர்

நகரின் நடுவிலும் ஒருகாலத்தில் ஏரிகள் இருந்தன. மாம்பலத்தின் நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு, தியாகராய நகர் உருவாயிற்று. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் துணியும் நகையும் வாங்கக் கூடும் அப்பகுதி, முன்பு நீர் தளும்பிய இடமாகும். 1976ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் எழுந்ததே. அங்குள்ள கல்தேரைக் கண்டு வியப்போர், அது நிற்கும் நிலத்தின் கதையையும் அறிதல் வேண்டும். அருகிலுள்ள ‘லேக் ஏரியா’, மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ சாலை’ ஆகிய பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. ஐயப்பன்தாங்கலைப் போலவே அங்கும் ஊர்ப்பெயர் சான்றாகி நிற்கிறது. சான்று கூறப்படும் நீரைத்தான் காணவில்லை.

கரை யாருக்கு உரியது?

அமெரிக்காவின் சிகாகோ, மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த பெருநகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் கழிவு ஆற்றின் வழியே ஏரியில் கலந்தது. குடிநீரும் அவ்வேரியிலிருந்தே எடுக்கப்பட்டது. நோய்கள் பெருகவே, கால்வாய் வெட்டி 1900ஆம் ஆண்டில் ஆற்றின் போக்கையே எதிர்த்திசைக்குத் திருப்பினர். ஏரிக்கரை மக்கள் அனைவருக்கும் உரியது என்னும் கருத்தை 1909ஆம் ஆண்டின் நகரத் திட்டம் வலியுறுத்தியது. அதன் பயனாக, இன்று அக்கரை நெடுகிலும் பூங்காக்கள் விளங்குகின்றன. எனினும், கழிவு எதிர்த்திசைக்குச் சென்றதால் கீழ்நிலை ஊர்கள் வருந்தின என்பதையும் மறத்தல் ஆகாது. தன் துன்பத்தைப் பிறர்மீது தள்ளுவது முழுமையான தீர்வாகாது.

ஐயப்பன்தாங்கலுக்கு அருகிலுள்ள போரூர் ஏரியை ஒட்டிப் புறவழிச்சாலை செல்கிறது. மாலையில் அங்கே நின்று காற்று வாங்குவோர் பலர். அவர்கள் வீசும் ஒரு நெகிழிப்பை சிறியதே; ஆனால், மதகை அடைப்பதற்கு அத்தகைய பைகள் பல சேர்ந்தால் போதும். ஏரியின் அழகை நுகர்வதும் ஏரியைக் காப்பதும் வெவ்வேறு செயல்கள் அல்ல. வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளைக் காத்து, வயலையும் காத்தனர். காண வருவோரும் கரையில் வாழ்வோரும் அவ்வாறே எண்ணுவராயின், ‘தாங்கல்’ என்னும் சொல் ஊர்ப்பலகையில் மட்டுமன்றி நிலத்திலும் நிலைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் மாவட்டத்தில் தாங்கல், ஏரி, குளம், ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அந்நீர்நிலைகளின் இன்றைய நிலையை ஆராய்ந்து கட்டுரை எழுதுக.