அப்டேட் வந்துவிட்டது, ஆனால் பாதுகாப்பானதா?

கடமலைக்குண்டில் இருந்தபடியே போனில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். அந்த இணையதளத்தையோ செயலியையோ யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த மென்பொருள் பாகங்கள் பலவற்றைச் சேர்த்துத்தான் உருவாக்குகிறார்கள். அதில் ஒரு பாகத்தில் ஓட்டை இருந்தால்?

2021 டிசம்பர் 9 அன்று இதுதான் நடந்தது. ஜாவா மென்பொருள்களில் பதிவேடு எழுதும் ‘லாக்4ஜே’ என்ற இலவசப் பாகத்தில் இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரே ஒரு வரியை அனுப்பினால் போதும், சர்வரே கைமாறிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் சாட் பெட்டியில் தட்டச்சு செய்தே இதைச் செய்ய முடிந்தது! ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10.

உடனே 2.15.0 பதிப்புக்கு மாறச் சொன்னார்கள். அது முழுமையாக அடைபடவில்லை. அடுத்து 2.16.0, அதில் சர்வரை முடக்கிவிடும் வேறொரு கோளாறு. பிறகு 2.17.0, அதிலும் ஒரு குறை. டிசம்பர் 28-ல் 2.17.1 வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. முதல் அப்டேட்டோடு நின்றவர்கள் ‘பண்ணியாச்சு’ என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

அதனால் பொறியாளர்கள் ‘புதுசு எது’ என்று மட்டும் பார்ப்பதில்லை. கிணற்று மோட்டாருக்கு பேரிங் மாற்றும்போது, அந்த மோட்டாருக்குப் பொருந்துவதைத்தானே கேட்போம்? இதுவும் அப்படித்தான். 2.17.1 ஓடுவதற்கு ஜாவா 8 வேண்டும். ஜாவா 7-ல் இருந்தவர்களுக்கு 2.12.4, ஜாவா 6-க்கு 2.3.2 என்று தனித்தனியாகத் திருத்தம் கொடுத்தார்கள். எந்தப் பதிப்பு பாதிக்கப்பட்டது, எதில் சரியானது என்பதைப் பாதுகாப்பு அறிவிப்புகளில் பார்த்து, தெரிந்த ஓட்டைகள் எல்லாம் அடைபட்ட, தங்கள் மென்பொருளோடு ஒத்துப்போகும் பதிப்பைத் தேர்வு செய்கிறார்கள். நம் நாட்டில் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுவது மத்திய அரசின் ‘செர்ட்-இன்’.

சர்வர் விஷயம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 2023 செப்டம்பரில் படங்களைத் திறக்கும் ‘லிப்வெப்பி’ என்ற பாகத்தில் ஓட்டை தெரிந்தபோது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. அந்தத் திருத்தம் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்தால்தான் பயன்.

இங்கேதான் ஒரு சிக்கல். பிளே ஸ்டோரில் தானியங்கி அப்டேட் ‘வைஃபையில் மட்டும்’ என்று இருந்தால், மொபைல் டேட்டா மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு அப்டேட் தானாக வராது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதை மாத்திக்கோங்க. டேட்டா தீர்ந்துவிடும் என்றால், வாரம் ஒருமுறை வங்கிச் செயலி, பிரவுசர், அரசுச் செயலிகளை மட்டுமாவது நீங்களே அப்டேட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ‘ஏபிகே’ ஃபைலை அப்டேட் என்று நம்பி நிறுவாதீர்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.