‘மெங்காக்கு சாலா’ சொன்ன பிறகு மேல்முறையீடு உண்டா?

செராஸில் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் மகனுக்கு வயது 19. கைப்பேசித் திருட்டுக்காக எட்டு மாதச் சிறை.

“தம்பி, நீ சட்டம்தானே படிக்கிற? அவன் எடுக்கவே இல்லையாம்பா. கூட்டாளி எடுத்தப்ப பக்கத்துல நின்னானாம். அப்பீல் போட்டா வெளிய வந்திடுவான்ல?”

வழக்கறிஞர் வைக்கவில்லை. “ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று லோக்காப்பில் உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அவனும் ஒத்துக்கொண்டான். தண்டனை விதிக்கப்பட்டு அன்றோடு பத்து நாள்.

நம்மில் பலர் அறியாத விதி இங்கேதான் இருக்கிறது. நமது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆம் பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் ‘நான் குற்றவாளி அல்ல’ என்று மேல்முறையீடு செய்ய இயலாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டுமே எதிர்க்கலாம்.

‘பிளீ பார்கெயினிங்’ எனப்படும் குற்ற ஒப்புதல் பேரத்திற்கும் இதே கதிதான். முன்பு நீதிமன்றத் தாழ்வாரங்களில் வாய்மொழியாக நடந்த இப்பேரம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 172சி பிரிவாகச் சட்டத்தில் நுழைந்து 2012இல் நடைமுறைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் மனமுவந்துதான் விண்ணப்பித்தாரா என்று நீதிமன்றம் தனியறையில் விசாரிக்கும். வழக்கறிஞர் இல்லாதவர் என்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அப்போது அங்கே இருக்கக்கூடாது. பேரம் படிந்தால், சில கடுங்குற்றங்களும் முன்குற்றம் உள்ளவர்களும் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதிக்கு மேல் விதிக்க முடியாது. சாதாரணத் திருட்டுக்கு உச்சம் ஏழாண்டு. பாதி மூன்றரை ஆண்டு. சலுகை பெரிதுதான். ஆனால் 172எஃப் பிரிவு அதே கதவைச் சாத்திவிடுகிறது. இந்தியாவிலும் 2006 முதல் பேரத் தீர்ப்பே இறுதி. அங்கே அரசியலமைப்பின் வழி உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அணுக மட்டும் இடமுண்டு.

அப்படியானால் வழியே இல்லையா? ஒரு சிறு சந்து உண்டு. ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் அவர் புரிந்துகொண்டாரா என்று நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். “ஆமாம், ஆனால் நான் எடுக்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்” என்று ஒருவர் சொன்னால் அது ஒப்புதலே அன்று. வழக்கு விசாரணைக்குப் போக வேண்டும். அத்தகைய குறை நீதிமன்றக் குறிப்பில் தெரிந்தால், உயர் நீதிமன்றம் மறுபரிசீலனை அதிகாரத்தைக் கொண்டு தலையிடலாம்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாங்கள் தேடினோம். மறுநாள் காலையிலேயே அக்காவை இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். (மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான் அவகாசம். பத்து நாளை நாம் வீட்டிலேயே கழித்து விடுகிறோம்!) அவர் குறிப்பைப் பெற்றுப் படித்தார். குற்றச்சாட்டு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது, புரிந்தது என்றான், ‘சாலா’ என்றான், வழக்கின் விவரங்களையும் ஏற்றுக்கொண்டான். பக்கத்தில் நின்ற கதை ஓரிடத்திலும் இல்லை.

எஞ்சியது தண்டனை மட்டுமே. 18 வயது நிறைந்து 21 ஆகாதவர்களுக்குச் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணை, சமூகச் சேவை போன்றவற்றை 293ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அவனுக்கு இது முதல் குற்றமும்கூட. அதை வைத்து வாதாடலாம் என்றார் வழக்கறிஞர். கூடவே, உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம் என்று எச்சரித்தார். மேல்முறையீடு செய்ததாலேயே சிறைத்தண்டனை நின்றுவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

“அப்ப அவன் எடுக்கலைங்கறத யாருகிட்டதான் சொல்றது?” என்று அக்கா கேட்டார். வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் அறிவிப்பு பதிவாயிற்று. ‘தண்டனையை எதிர்த்து’ என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது.