வீட்டுப் பட்டறையும் அதன் ஒழுங்கும்

சமையலறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உப்புச் சாடி எங்கே, புளிப் பானை எங்கே என்பதை நம் இல்லத்தரசியர் இருட்டிலும் அறிவர். ஆயின், அதே வீட்டின் பின்புறக் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு திருப்புளியைத் தேடிப் பாருங்கள்! அரைமணி நேரம் தேடியும் அகப்படாத அப்பொருள், கடைக்குச் சென்று புதியது ஒன்றை வாங்கி வந்த மறுநாள் தானாகவே வெளிப்படும். இவ்வனுபவம் இல்லாத குடும்பம் நம்மிடையே இருக்குமா என்பது ஐயமே.

தோட்டத்து லயத்து வீடாயின் பின்கட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கும். தாமான் வீடாயின் கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையே அதற்குப் பயன்படும். பால்வெட்டும் கத்தி, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், பாராங், மண்வெட்டி, மோட்டார் சைக்கிளுக்குரிய ஸ்பேனர்கள், ஆணிகள், மீந்த சாயம், மண்ணெண்ணெய், உரம், களைக்கொல்லி ஆகிய யாவும் அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதனையே நான் இங்கு வீட்டுப் பட்டறை எனக் குறிப்பிடுகின்றேன்.

1971ஆம் ஆண்டில் நான் நான்காம் வகுப்பு மாணவன். என் தந்தையார் தோட்டத்துப் பட்டறையில் பணிபுரிந்தவர். அங்கே அவர் கைபட்ட கருவிகள் வரிசை தவறாமல் இருக்கும் என்று பலரும் பாராட்டுவர். வீட்டுக் கொட்டகையிலோ எல்லாம் குவியலாகவே கிடந்தன. ஒரு நாள் மாலை, மூன்று வயதே நிரம்பிய என் தம்பி அங்கிருந்த ஆரஞ்சுப் பானப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டான். புட்டிக்குள் இருந்ததோ மண்ணெண்ணெய். அவன் இருமிய இருமல் இன்னமும் என் காதில் ஒலிக்கின்றது. பக்கத்து வீட்டு அத்தை உப்புநீரைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல வேளையாகத் தோட்டத்து மருந்தகத்தின் டிரசர் அவ்வழியே வந்தவர் அதனைத் தடுத்தார். “வாந்தி எடுக்க வைக்காதீர்கள் அம்மா! வயிற்றில் போனதைவிட மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து!” என்று கூறி, தம்பியைத் தம் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றிச் சென்றார். தம்பி பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தெழுந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையார் கொட்டகையை முழுமையாகக் காலி செய்தார். அன்று அவர் செய்தவற்றையும், பின்னாளில் நானே கற்றுக்கொண்ட சிலவற்றையும் இங்கு விளக்க விழைகின்றேன்.

முதலில், வெயில் அடிக்கும் நாள் பார்த்து எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிவிட வேண்டும். உள்ளேயே நின்று இங்குமங்கும் நகர்த்துவது வீண்வேலை. பரப்பிய பின் நாள்தோறும் எடுப்பவை, மாதத்திற்கு ஒருமுறை எடுப்பவை, ஓராண்டாகத் தொடாதவை எனப் பிரித்தல் நலம். மூன்றாம் குவியலே பெரிதாக இருக்கும், வியப்படைய வேண்டா. பிடி உடைந்த சுத்தியலும் கழுத்து வளைந்த ஸ்பேனரும் ‘என்றாவது உதவும்’ என்னும் பெயரால் நம் வீடுகளில் முதுமை எய்துகின்றன. இவ்விடயத்தில் தாத்தாமார்களோடு வாதிட்டு வெல்ல முடியாது என்பதால், அவர்களுக்கென ஒரு பெட்டியை ஒதுக்கிவிடுவதே அறிவுடைமை.

அடுத்து, எங்கே வைப்பது என்பதற்கு முன்னர் நம் நாட்டுக் காற்றைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டினால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். மலேசியாவில் அஃது 80 பங்கை ஒட்டியே பெரும்பாலும் நிற்கின்றது. சிமெந்துத் தரையும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். எனவே, தரையில் கிடக்கும் கருவி நாள்தோறும் நனைகிறது என்றே கொள்ளலாம். சாக்கில் சுற்றி வைப்பது இன்னும் தீங்கு. சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவிகள் தொங்க வேண்டும். அவற்றைச் சுற்றிலும் காற்று உலவ வேண்டும். கைவியர்வையில் உப்பு உண்டாதலால், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை இரண்டொரு சொட்டு விட்டுத் தடவி வைத்தல் நன்று. சமையல் எண்ணெயைத் தடவுவோரும் உளர். நாளடைவில் அது பிசுபிசுத்துத் தூசியையெல்லாம் ஈர்த்துக்கொள்ளும்.

தொங்கவிடுவதற்கு நாலடி நீளமும் இரண்டடி அகலமும் அரை அங்குலக் கனமும் உள்ள ஒட்டுப்பலகை ஒன்று போதும். அதனைச் சுவரோடு ஒட்டி அறையாமல், பின்னால் ஓர் அங்குலச் சட்டங்களை வைத்து அறைதல் வேண்டும். அப்பொழுதுதான் பின்புறமும் காற்றுச் செல்லும். கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். ஆணி அறைவதற்கு முன் பலகையைத் தரையில் கிடத்திக் கருவிகளை அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். ஒன்றை எடுக்கும்போது கை மற்றொன்றில் இடிக்கின்றதா? இடைவெளியை மாற்றி வையுங்கள். நாள்தோறும் எடுப்பவை, அவற்றைக் கையாளும் பெரியவரின் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமைதல் வேண்டும். கனமானவற்றைத் தலைக்கு மேலே வைத்தல் ஆகாது. ஆணிகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து அறைந்தால் கருவிகள் நழுவி விழமாட்டா.

இனித்தான் என் தந்தையார் செய்தவற்றுள் மிகச் சிறந்தது வருகின்றது. ஒவ்வொரு கருவியையும் அதனதன் இடத்தில் மாட்டி, அதன் உருவத்தைச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து, கருவியை எடுத்துவிட்டு, அவ்வுருவத்துக்குள் வெள்ளைச் சாயம் பூசினார். சாயம் பூசியது நானும் என் அக்காளுமே. அதன் பிறகு பலகையைப் பார்த்த மாத்திரத்தில் எது வரவில்லை என்பது தெரிந்துவிடும். சுத்தியல் இல்லையென்றால் வெள்ளைச் சுத்தியல் ஒன்று கண்முன் நிற்கும்! எழுத்தறியாத எங்கள் பாட்டியும், “குறடு எங்கேடா?” என்று கேட்கத் தொடங்கினார். தோட்டத்துப் பட்டறையில் பயன்பட்ட அம்முறையை ஏன் அதுவரை வீட்டில் செய்யவில்லை என்று அம்மா கேட்டபோது தந்தையார் விடை கூறவில்லை.

ஆணிகளும் திருகாணிகளும் வேறு வகையான தொல்லை. ஓர் அங்குலம், ஒன்றரை, இரண்டு, மூன்று என அளவுவாரியாகப் பிரித்து மைலோ டின்களிலும் பிஸ்கட் டின்களிலும் இடலாம். கெட்டிப்பால் டின்னைப் பயன்படுத்துவோர் அதன் வெட்டுவாயைக் குறட்டால் உட்புறம் மடித்துத் தட்டிவிட வேண்டும். இல்லையேல் விரல் அறுபடும். டின்னுக்குள் இருப்பதில் ஒன்றை வெளியே பசையிட்டு ஒட்டிவிட்டால் படிக்கத் தெரியாதவரும் அறிவர். அதன் கீழே பெயரை அழகுத் தமிழில் எழுதுவது மாணவர்களின் பணி. கண்ணாடிப் புட்டிகள் இருப்பின் இன்னும் எளிது. புட்டியின் மூடியைத் தட்டின் அடிப்புறத்தில் திருகாணியால் பொருத்தி, புட்டியை அதில் திருகித் தொங்கவிடலாம். மூடிக்கு இரண்டு திருகாணிகள் வேண்டும். ஒன்றே இட்டால், புட்டியைத் திருகும்போது மூடியும் கூடவே சுழலும். நான் மூன்று மூடிகளைப் பொருத்திய பின்னரே இதனை உணர்ந்தேன்.

கூர்மையான கருவிகளுக்குத் தனிக் கவனம் தேவை. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அவற்றின் பற்கள் ஒன்றையொன்று தேய்த்து மழுங்கிவிடும். இரம்பத்தின் பற்களுக்குப் பழைய நீர்க்குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து உறையாக மாட்டலாம். செம்பனை அரிவாளுக்கும் அத்தகைய உறையே ஏற்றது. அரிவாளைக் கொட்டகையில் வைக்கும்போது மட்டுமன்றி, மோட்டார் சைக்கிளில் கொண்டு செல்லும்போதும் உறை கழலாமல் கயிற்றால் கட்டுதல் வேண்டும். பால்வெட்டும் கத்தியைப் பற்றி நான் தோட்டத்து மக்களுக்குச் சொல்வது, மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பதை ஒக்கும். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் கிழிக்கும். கை அழுத்தினால் மரத்திற்கே காயம் உண்டாகும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆயினும் ஒன்று கூறுவேன். தீட்டுக்கல்லும் கத்தியும் ஓரிடத்திலேயே இருக்கட்டும். தேடித்தான் தீட்ட வேண்டும் என்றால், விடியற்காலையின் அவசரத்தில் யாரும் தீட்டுவதில்லை. இக்கூரிய கருவிகள் யாவும் சிறுவரின் கைக்கு எட்டாத உயரத்திலோ, பூட்டிய பெட்டியிலோ இருத்தல் வேண்டும்.

எரிபொருள்களைக் கருவிகளோடு ஒரே தட்டில் வைக்கலாகாது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவில் எரியும் அடுப்பையோ சாமி விளக்கையோ எட்டிப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் சற்றுச் சூடேறினாலன்றி அவ்வாறு ஆவியாவதில்லை. பெட்ரோலோ நம் நாட்டு வெப்பத்தில் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே, அதனை அதற்குரிய கலத்தில் இறுக மூடி, சமையலறையிலிருந்து விலகிய நிழலான இடத்தில், தேவையான அளவு மட்டுமே வைத்தல் வேண்டும். மரத்திற்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. அத்தகைய துணியை வெளியே விரித்து உலர்த்த வேண்டும்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைச் சிலர் கருவிகளுக்கு அருகிலேயே வைத்திருப்பர். எவ்வளவு எண்ணெய் தடவியும் ஏன் துருப்பிடிக்கின்றது என்று அவர்கள் திகைப்பர். அமிலத்தின் ஆவி இரும்பை அரிப்பதே அதற்குக் காரணம். துணி வெளுக்கும் குளோரின் நீரையும் அமிலத்தையும் ஒருபோதும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அவையிரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். உரத்தை மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் எட்டத்தில், பலகைமேல், மூடிய கலத்தில் வைக்கலாம்.

இறுதியாகக் களைக்கொல்லி. தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் மருந்துக்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் உட்சென்றாலே உயிர் போகும். 2002இல் நம் நாட்டில் அதற்கு விதிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டது. பின்னர், 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. எனினும், பழைய கொட்டகைகளின் மூலையில் ஒரு புட்டி இன்னமும் கிடக்கக்கூடும். அதனைக் கண்டால் கால்வாயிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், தோட்ட நிருவாகத்திடமோ விவசாய இலாகாவிடமோ தெரிவித்து ஒப்படைப்பதே முறை. மற்றைய களைக்கொல்லிகளும் தேநீர் போன்றவை அல்ல. அவற்றின் புட்டிகளில் நச்சின் கடுமைக்கேற்ப நிறப்பட்டை இட்டிருப்பார்கள்; உட்கொண்டால் என்ன செய்வது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். வேறு புட்டிக்கு மாற்றிய அக்கணமே அக்குறிப்புகள் யாவும் மறைந்துபோகின்றன. அண்டை வீட்டாருக்குக் கொஞ்சம் தருவதென்றாலும் பானப் புட்டியில் ஊற்றித் தராதீர்கள். யாரேனும் அறியாது குடித்துவிட்டால், அப்புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் கொட்டகையில் இவற்றுக்கெனத் தந்தையார் பூட்டுடன் கூடிய ஒரு மரப்பெட்டியைச் செய்தார். சாவி அவர் இடுப்பு வாரிலேயே தொங்கியது. அன்று முதல் எங்கள் வீட்டில் காலியான பானப் புட்டி ஒன்றுகூடத் தங்கியதில்லை. அம்மா உடனுக்குடன் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிடுவார்.

கருவி இரவல் கேட்பவரை என்ன செய்வது என்று சிலர் வினவலாம். கொடுக்கத்தான் வேண்டும்; ஒரே லயத்தில் வாழ்ந்துகொண்டு மறுக்க இயலுமா? தந்தையார் ஒரு துண்டு அட்டையில் வாங்கியவர் பெயரையும் நாளையும் எழுதி, அக்கருவியின் வெள்ளை உருவத்தின் மேலேயே மாட்டிவிடுவார். கொட்டகைக்கு வருவோர் போவோரெல்லாம் அதனைப் படிப்பர் என்பதனால் பெரும்பாலானவை விரைவில் திரும்பி வந்தன.

அப்பலகை இப்பொழுது என் தம்பியின் வீட்டில் இருக்கின்றது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது அவனே அதனை ஆணி கழற்றிக் கொண்டு சென்று, கார் நிறுத்துமிடத்துச் சுவரில் பொருத்தினான். அவன் பேரப்பிள்ளைகள் சென்ற ஆண்டு உருவங்களுக்கெல்லாம் மறுபடியும் வெள்ளை பூசினர். இழைப்புளியின் இடம் மட்டும் காலியாகவே உள்ளது. 1978இல் வாங்கிச் சென்றவரின் பெயர் எழுதிய அட்டை, மை மங்கிப்போய் அங்கே தொங்குகின்றது. அதனைக் கழற்ற வேண்டாம் என்று தம்பி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கின்றான்.