ஒரகடம் தண்ணீர் மீது ஒரு பொய் வழக்கு

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் சேரப்பணஞ்சேரியில் இறங்கி, பெண்கள் விடுதி எதிலாவது போய்க் கேட்டுப் பாருங்கள், முடி ஏன் கொட்டுகிறது என்று. “இந்த ஊரு தண்ணி சேரல” என்றுதான் பதில் வரும். திருவண்ணாமலைப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளையும் தனக்குத் தெரிந்த தமிழில் அதைத்தான் சொல்லும். விடுதி மொட்டைமாடித் தொட்டியில் போர் தண்ணீர். குளியலறை வாளியின் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு. பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நான் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவ அறையில் நர்ஸ். தலைவலி, வயிற்றுவலி, விரலில் வெட்டு என்று வருகிற பிள்ளைகள் மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கதவுவரை போய்த் திரும்பி, “சிஸ்டர், இன்னொண்ணு…” என்று இழுத்தால் அது அநேகமாக முடி விஷயம். சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது, விடுதிக் குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்கிறது, அம்மா போனில் திட்டுகிறாள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது எண்ணெயையோ ஷாம்பூவையோ பற்றி அல்ல. “எப்பம்மா ஜாயின் பண்ணே?” என்பேன். “பொங்கல் முடிஞ்சு வந்தேன் சிஸ்டர்” என்று பதில் வரும்போது சித்திரை பிறந்திருக்கும். அந்த மூன்று மாத இடைவெளிக்குள்தான் காரணம் இருக்கிறது.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனித்தனிக் காலக்கணக்கு. 2 முதல் 6 ஆண்டுவரை ஒரு முடி வளர்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி நின்று, ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் உதிரும், அதே காலிலிருந்து புது முடி கிளம்பும். ஆரோக்கியமான தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழும் என்பது இதனால்தான். முடியைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டுகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மீதிப் பாதிப் பேருக்கு நடந்திருப்பது வேறு. மயிர்க்கால் என்பது உடம்பில் ஓயாமல் செல் பெருகுகிற இடங்களில் ஒன்று, அதற்குத் தீனி அதிகம். காய்ச்சல், அறுவைசிகிச்சை, பிரசவம், திடீரென எடை இறங்குவது, சத்துக் குறைவு என்று ஏதாவது அடி விழுந்தால், ஆர்டர் குறைந்த கம்பெனி முதலில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்துகிற மாதிரி, உடம்பு முதலில் முடியை நிறுத்திவிடுகிறது. முடி இல்லாமல் உயிர் போகாதே. நிறுத்தப்பட்ட முடிகள் அன்றே விழுவதில்லை, இரண்டு மூன்று மாத ஓய்வுக்காலம் முடிந்ததும் மொத்தமாக விழும். மருத்துவர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா? குழந்தை முகம் பார்ப்பதும் இரண்டு மூன்று மாதத்தில்தான். காரணத்தைக் குழந்தையின் மேல் போட்டாலும் கிழவிகள் நாள்கணக்கைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். கொரோனா வந்து போனவர்களில் பலருக்கும் காய்ச்சல் விட்டு வெகுநாள் கழித்து முடி கொட்டியது இதே கணக்கில்தான்.

அப்படியானால் பொங்கலுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்தது. ஏ ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்னே கம்பெனி பஸ். அந்நேரத்துக்கு எது இறங்கும்? ஒரு டீ, இரண்டு பிஸ்கட். அடுத்த வாரம் நைட். காலையில் வந்து படுத்தால், பி ஷிஃப்ட் தோழிகள் கிளம்புகிற சத்தத்தில் தூக்கம் உடையும். எழுந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகச் சோம்பல், விடுதிக் குழம்பும் பிடிக்கவில்லை. சம்பளத்தில் முக்கால்வாசி ஊருக்குப் போகும். இரண்டு மூன்று கிலோ இறங்கியிருக்கும், நடுவில் ஒரு காய்ச்சலும் வந்து போயிருக்கும். இவ்வளவும் மாறின அதே மாதத்தில் தண்ணீரும் மாறியது. வாளியில் உப்பு கண்ணுக்குத் தெரிகிறது, விட்டுப்போன சாப்பாடு தெரிவதில்லை. பழி தண்ணீர் மேல் விழுகிறது.

தண்ணீர் முழு நிரபராதி என்று நான் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் முறியும். ஆனால் வேரோடு பிடுங்குவது அதன் வேலை அல்ல. இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது, காரணம் உடம்புக்குள். குமிழ் இல்லாத துண்டு முடி என்றால் முறிந்தது. தண்ணீர், சீப்பு, ஸ்ட்ரெய்ட்னர், ஈரத்தலையில் வாருவது ஆகியவற்றைச் சந்தேகப்படலாம்.

தேங்காயெண்ணெயின் இடமும் இங்கேதான். 2003-இல் ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். ஆகவே குளிப்பதற்கு முன் தடவுங்கள், முறிவது குறையும். வேருக்குள் போய் முடியை முளைக்கவைக்கும் என்று நினைத்து லிட்டர் லிட்டராக மூலிகை எண்ணெய் வாங்காதீர்கள்.

இனி இரும்புச் சத்து. எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற விஷயம் இது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்துணவும் ரேஷனும் கொடுக்கிற மாநிலத்தில் பாதிக்கு மேல்! லைனில் இரண்டு பேர் அருகருகே நின்றால் ஒருவருக்கு ரத்தம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. “பச்சரிசி திம்பியா?” என்று கேட்பேன். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று கேலி செய்து வளர்த்துவிட்டோம். பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ், செங்கல் தூள் இவற்றின் மேல் வருகிற அடங்காத ஆசை இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இரண்டாவது கேள்வியைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன்: மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை நாப்கின்? அதிகம் போகிறது என்று பலருக்குத் தெரிவதே இல்லை, அம்மாவுக்கும் அப்படித்தான் என்பார்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. ஆனால் 12-ஐத் தொட்டுவிட்டதாலேயே எல்லாம் சரி என்றும் இல்லை. உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்வது ஃபெரிட்டின் என்ற சோதனை. கையிருப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது என்று போனால் தோல் மருத்துவர் ஃபெரிட்டினும் தைராய்டும் எழுதிக் கொடுப்பார். ஈஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் இதற்குக் கையிலிருந்து செலவழிக்க வேண்டாம். ரத்தசோகை என்றால் இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மலம் கறுப்பாகப் போகும், கொஞ்சம் மலச்சிக்கல் வரும். பயந்து பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் கையிருப்பு நிரம்ப மேலும் சில மாதம் தொடர வேண்டும். டீயோடு மட்டும் போடாதீர்கள். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர உதவும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டாலே பெரிய மாற்றம்.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது சுவரொட்டி. ஞாயிற்றுக்கிழமை படப்பைக் கறிக்கடையில் சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். ஆட்டின் மண்ணீரல், இரும்பு நிறைந்தது. நெருப்பில் சுட்டோ மிளகு போட்டு வறுத்தோ தின்னலாம். சாப்பிடாதவர்களுக்கு முருங்கைக்கீரை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, கூடவே எலுமிச்சை. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். கேன்டீன் தட்டில் சோறு மலையாக இருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். இரண்டு முட்டை, ஒரு கை கடலை என்று தினம் சேர்த்தால் போதும், விலையுயர்ந்த பவுடர் வேண்டாம்.

பயோட்டின் மிட்டாயும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார்கள். பயோட்டின் குறைபாடு மிக அரிது. அதிக அளவு பயோட்டின் தைராய்டு, இதயநோய்ச் சோதனை முடிவுகளையே தப்பாகக் காட்டவைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017-இலேயே எச்சரித்தது. வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவே முடியைக் கொட்டவைக்கும்.

ஆண் பிள்ளைகள் கதை தனி. அவர்கள் ஹெல்மெட்டைக் குற்றம் சொல்வார்கள், அதுவும் பொய் வழக்குதான். 22 வயதில் நெற்றியின் இரு ஓரமும் ஏறினால், பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்வது அது. முட்டையோ தூக்கமோ அதைத் திருப்பிவிடாது. சீக்கிரம் தோல் மருத்துவரிடம் போனால் மினாக்சிடில் போன்ற மருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். திருத்தணியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று லீவு கேட்கிறவர்களுக்கு: முருகனுக்காகப் போடுங்கள். மழித்த முடியின் நுனி மொண்ணையாக இருப்பதால் அடர்த்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள் தொப்பிக்குள் அடங்க வேண்டும் என்று கொண்டையை இறுக்கி முறுக்கிக் கட்டுகிறார்கள். தினமும் அப்படி இழுத்தால் முன்நெற்றி முடி நிரந்தரமாகவே போய்விடலாம். தளர்த்திக் கழுத்தோரம் கட்டுங்கள். காசு அளவில் வட்டமாக உதிர்ந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் நம் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது. ஆற்றுத்தும்மட்டிக்காயைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு மருந்து போட்டிருக்கிறேன், நேராக மருத்துவரிடம் போங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் ரோமமும் முளைத்து, வகிடு அகன்றுகொண்டே போனால் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பத்திரிகைகள் ‘வாழ்க்கைமுறையை மாற்றுங்கள்’ என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கைமுறையை எழுதுவது ஷிஃப்ட் அட்டவணையும் கேன்டீன் கான்ட்ராக்டரும்தானே? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. கூரை விஷயத்தில் நல்ல முன்னேற்றம், தட்டு விஷயம் பாக்கி. 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டமே, 250 பேருக்கு மேல் வேலைபார்க்கும் இடத்தில் கேன்டீன் வேண்டும், அதை நடத்தும் குழுவில் தொழிலாளிக்கும் இடம் வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்தக் குழுவில் முடியைப் பற்றிப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நைட் ஷிஃப்ட் இடைவேளையில் பன்னுக்குப் பதில் சுண்டல், டீயை அரை மணி நேரம் தள்ளிக் கொடுப்பது, இரண்டும்தான் கேட்டேன். சுண்டல் செவ்வாய், வெள்ளி என்று ஒத்துக்கொண்டார்கள். டீயைத் தள்ளினால் லைன் தூங்கிவிடும் என்று சூப்பர்வைசர் மறுத்துவிட்டார். ஏ ஷிஃப்ட்டுக்கு வேலை தொடங்கும் முன்பே டிபன் என்பதை அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகிறேன்.